உங்க மூளை எவ்வளவு கெட்டி?

வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போனா, முதல்ல படுக்க வச்சு வயித்தை அமுக்கிப் பார்ப்பார். நோய் வந்த திசு பெரும்பாலும் கெட்டியாகும், இல்லன்னா தளர்ந்து போகும். விரலுக்கு அது தெரிஞ்சிடும். ஸ்கேன் எல்லாம் வர்றதுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே இருக்கற டெக்னிக் இது. ஆனா மூளைகிட்ட இந்தப் பருப்பு வேகாது. சுத்தி மண்டையோடு.

அப்படின்னா மூளை எவ்வளவு கெட்டின்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறது? அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

கதை மோட்டார்சைக்கிள்ல ஆரம்பிக்குது. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல பிரிட்டன்ல பைக் ஓட்டின நிறைய பேர் தலையில அடிபட்டு செத்தாங்க. ஹ்யூ கெய்ர்ன்ஸ்ங்கற மூளை அறுவை நிபுணர் 1941-ல ஹெல்மெட் அவசியம்னு எழுதினார். அவரோட ஆக்ஸ்ஃபோர்டுல வேலை பார்த்த ஹோல்போர்ன்ங்கற இயற்பியல்காரர் 1943-ல அடுத்த கேள்விக்குப் போனார்: அடிபட்டா மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

அவர் சொன்னது இது. மூளையை அமுக்கி சின்னதாக்க முடியாது, தண்ணி மாதிரி. ஆனா அதோட உருவத்தைக் கோணலாக்கறது ரொம்ப சுலபம். தலை சட்டுன்னு சுழன்றா, சீட்டுக்கட்டைப் பக்கவாட்டுல தள்ளினாப்ல உள்ள அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். இதுதான் ஷியர். ஜெலட்டின்ல மூளை மாதிரி செஞ்சு சோதிச்சுக் காட்டினார்.

அப்ப ஷியருக்கு எதிரா மூளை எவ்வளவு விறைப்பு காட்டும்ங்கற நம்பர் வேணும். பல வருஷம் அதை விலங்குகளோட மூளையிலயும் இறந்தவங்க மூளையிலயும் வெட்டி எடுத்துத்தான் அளந்தாங்க. ஒரு லேப் சொல்ற நம்பருக்கும் இன்னொரு லேப் நம்பருக்கும் பல மடங்கு வித்தியாசம். ரத்த ஓட்டம் நின்ன மூளை வேற, உயிரோட இருக்கற மூளை வேற.

1991-ல ஹூஸ்டன்ல ஜொனாதன் ஓஃபிர் குழு அல்ட்ராசவுண்ட் வச்சு ஒரு வழி சொன்னாங்க. திசுவை லேசா அமுக்கி, அமுக்கறதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடறது. 'எலாஸ்டோகிராஃபி'ன்னு பேர் வச்சது அவங்கதான். ஆனா மண்டையோடு அல்ட்ராசவுண்டுக்கும் ஒத்துவராது.

திருப்பம் 1995. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ரிச்சர்ட் ஈமன் குழு 'சயன்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. முதல் ஆசிரியர் ராஜா முத்துப்பிள்ளை. (பேரைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி :-))

எம்ஆர்ஐ எடுக்கும்போது "ஆடாம படுங்க"ன்னு சொல்லுவாங்கல்ல? ஆடினா படம் கெட்டுடும். இவங்க வேணும்னே ஆட்டினாங்க! ஒரு ஜெல்லை ஒரே தாளத்துல அதிர வச்சு, எம்ஆர்ஐ-யோட காந்தப்புல கிரேடியன்டையும் அதே தாளத்துல மாத்தி மாத்திப் போட்டாங்க. ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளினா வீச்சு கூடிக்கிட்டே போகுமே, அது மாதிரி ஒவ்வொரு அதிர்வும் சிக்னல்ல கொஞ்சம் கொஞ்சமா சேரும். 200 நானோமீட்டருக்கும் குறைவான அசைவு கூட படத்துல விழுந்தது.

அலை தெரிஞ்சா மத்தது கணக்கு. இழுத்துக் கட்டின கொடிக்கயித்துல அலை வேகமாப் போகும், தொளதொளன்னு இருந்தா மெதுவா போகும். திசுவும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ்ல ஆட்டினா மூளைக்குள்ள ஷியர் அலையோட நீளம் சுமார் 3 செ.மீ. இதுவே சாதாரண ஒலி அலைன்னா சுமார் 25 மீட்டர், மண்டைக்குள்ள எங்க அடங்கும்? அதனாலதான் ஷியர் அலை.

அடுத்து, தலையை எப்படி ஆட்டறது? ஸ்பீக்கர்லயே காந்தம் இருக்கு, எம்ஆர்ஐ பக்கத்துல கொண்டுபோக முடியாது. ஆரம்பத்துல பல்லால கடிச்சுக்கற கட்டையை அதிர வச்சாங்க. அப்புறம் ஸ்பீக்கரை அடுத்த ரூம்ல வச்சு, குழாய் வழியா காத்தை அனுப்பி, தலைக்கடியில ஒரு தலையணையை அதிர வச்சாங்க. பாவம் பல்லு, தப்பிச்சது.

கிடைச்ச விடை: மூளை சில கிலோபாஸ்கல்தான். நுங்கு மாதிரி கொழகொழன்னு வச்சுக்கங்களேன். 2009-ல பெர்லின்ல இங்கோல்ஃப் சாக் குழு 55 பேரை அளந்து, வயசாக ஆக வருஷத்துக்கு 0.8 சதவீதம் மூளை தளருதுன்னு சொன்னாங்க. பெண்கள் மூளை சராசரியா 9 சதவீதம் கெட்டி. (தங்கமணிகள் கவனத்துக்கு. ஆனா கெட்டின்னா புத்தின்னு அர்த்தம் இல்லை!) 2011-ல மேயோ குழு அல்சைமர் நோயாளிகள் மூளை இன்னும் தளர்ந்திருக்குன்னு காட்டினாங்க: 2.37-க்கு பதிலா 2.20. ஆனா அதுல நோயாளிகள் 7 பேர்தான், அதையும் சொல்லிடணும்.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படறது கட்டி விஷயம். மெனிஞ்சியோமான்னு மூளை உறையில வர்ற கட்டி. மெத்துன்னு இருந்தா உறிஞ்சி எடுத்துடலாம். கெட்டியா இருந்தா துண்டு துண்டா வெட்டணும், நேரமும் ஆபத்தும் கூட. சாதாரண ஸ்கேன் கட்டி எங்க, எவ்வளவு பெருசுன்னு சொல்லும். எவ்வளவு கெட்டின்னு மண்டையைத் திறந்து தொட்டாத்தான் உறுதியா தெரியும். 2013-ல மேயோ குழு 12 நோயாளிகள்கிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே அளந்து, அப்புறம் சர்ஜன் கையில உணர்ந்ததோட ஒப்பிட்டாங்க. ரெண்டும் ஒத்துப்போச்சு.

கல்லீரலுக்கு இந்த டெஸ்ட் பல ஆஸ்பத்திரிகள்ல வழக்கத்துக்கே வந்தாச்சு, பலருக்கு ஊசி குத்தி சதை எடுக்கற வேலை மிச்சம். மூளைக்கு இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவுலதான். அலையிலிருந்து விறைப்பைக் கண்டுபிடிக்கற கணக்குல மண்டையோட்டு ஓரத்துல பிழை வரும், அதுவும் ஒரு காரணம். அதாவது மிச்ச வேலையில பாதி சாஃப்ட்வேர் வேலை. ஆபீஸ்ல ஆணி பிடுங்கற நேரத்துக்கு இப்படி ஒரு ஆணி கிடைச்சா நல்லா இருக்கும்!

டிஸ்கி: பைக் ஓட்டறவங்க ஹெல்மெட் போடுங்க சாமி. நுங்குன்னு சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.