விருந்தும் மருந்தும் அளித்த திருக்கச்சூர்



சென்னையிலிருந்து செங்கற்பட்டுச் செல்லும் இருப்புப்பாதையில், தாம்பரத்திற்குத் தெற்கே, சிங்கப்பெருமாள் கோவில் என்னும் நிலையம் உள்ளது. குன்றைக் குடைந்தமைத்த கோயிலில் நரசிங்கப்பெருமாள் எழுந்தருளியிருத்தலின் ஊர் அப்பெயர் பெற்றது. அவ்வூர்க்கு அண்மையில் விளங்குவது திருக்கச்சூர். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32இல் இஃது ஒன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. ஊருள் ஆலக்கோயிலும், மருந்துமலையின் அடிவாரத்தே மருந்தீசர் திருக்கோயிலும் உள்ளன. ஒரே ஊரில் இறைவன் ஓரிடத்தே விருந்திட்டவனாகவும், மற்றோரிடத்தே மருந்தளிப்பவனாகவும் நிற்கின்றான். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்ததன் பொருளை இன்று சிந்திப்போம்.

ஆலக்கோயில் இறைவனுக்குக் கச்சபேசர் என்பது திருநாமம். கச்சபம் என்பது ஆமை. பாற்கடல் கடையும் காலத்து மந்தரமலையைத் தாங்குதற்கு ஆமை வடிவுகொண்ட திருமால், அதற்கான ஆற்றல் வேண்டி இங்கே வழிபட்டார் என்பது தலபுராணம். அம்மை அஞ்சனாட்சி.

சேக்கிழார் பெருமான் கூறும் வரலாற்றைக் கேளுங்கள். திருக்கழுக்குன்றத்தை வழிபட்ட சுந்தரர் இத்தலத்தை அடைந்து தொழுது, கோயிற் புறத்தே அமர்ந்தார். உச்சிப்பொழுது, பசியோ மிகுதி. உணவு சமைக்கும் பரிசனங்கள் வந்து சேரவில்லை. அப்பொழுது இறைவன் அந்தணர் வடிவில் வந்து, "சற்றே பொறுத்திரும்" என்று சொல்லி, வெயில் காயும் தெருவில் வீடு வீடாகச் சென்று சோறு இரந்து, கொணர்ந்து அளித்து மறைந்தருளினான். உண்டபின் உண்மை உணர்ந்த நம்பிகள் உள்ளம் உருகிப் பதிகம் பாடினார். இரந்திட்டவன் என்பதனால் இரந்திட்டீசுவரன் என்றும், விருந்திட்டவன் என்பதனால் விருந்திட்ட நாதன் என்றும் இறைவனை வழங்குவர்.

இனி மலையடிவாரத்திற்குச் செல்வோம். சாபத்தால் நோயுற்ற இந்திரனுக்கு மருந்து தேடித் தேவ மருத்துவர்களாகிய அசுவினி தேவர்கள் பல இடங்களிலும் அலைந்து, இம்மலையை அடைந்தனர் என்பர். வேண்டிய மூலிகை கண்ணுக்குப் புலப்படவில்லை. அம்மையின் அருளொளியால் இருள் நீங்க, மூலிகையைக் கண்டனர். ஆதலின் இறைவன் மருந்தீசன். அம்மை இருள்நீக்கித் தாயார். மருந்துமலை மண்ணையே மருந்தாகக் கருதி அன்பர் நெற்றியில் அணிவது வழக்கம்.

இக்கதையில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இறைவன் மூலிகையை அசுவினி தேவர்களின் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடவில்லை. அவர்கள் தேடினர், மலையேறினர். தேடியவர்க்கே ஒளி கிடைத்தது. ஆகவே, திருமண் அணிந்தோம், இனி மருத்துவர் எதற்கு என்று இருப்பது இத்தலம் கற்பிக்கும் நெறியன்று. அருளை வேண்டுதலும் மருந்தைத் தேடுதலும் இணைந்து செல்வனவே.

இந்நெறி புராணத்தோடு நின்றதா? இல்லை. இப்பகுதியிலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே, திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. காலம் ஏறத்தாழக் கி.பி. 1068. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையும் இருந்தன. ஆதுலர்சாலை என்பது மருத்துவமனை. அதில் நோயாளர்க்குக் கட்டில்கள் 15. நோயாளர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்; அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொணர்ந்து மருந்து செய்வோர் இருவர். நோயாளர்க்குப் பணிசெய்யும் பெண்டிர் இருவர். ஓராண்டுக்குச் சேமிக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் தசமூல அரீதகி, வில்வாதி நெய், கல்யாணக லவணம் என்பன சில.

தில்லைக்கூத்தனுக்கு மாணிக்கம் சாத்திய சோழன் காலத்தில், பெருமாள் கோயிலில் இவ்வறம் நடந்தது என்பதை எண்ணி மகிழ்க. நோய்க்குச் சமய வேறுபாடு இல்லை, அறத்திற்கும் இல்லை. மேலும் நோக்குக: அக்கல்வெட்டில் அரிசியும் உண்டு, மருந்தும் உண்டு. பசியைத் தீர்க்காமல் நோயைத் தீர்க்க இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். திருக்கச்சூரில் இறைவன் சோறு இரந்ததும் மருந்து அளித்ததும் இதனையே காட்டுகின்றன.

இம்மரபு இன்னும் அறுந்துவிடவில்லை. தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளர்க்கெனச் சானடோரியம் அமைத்தார். அந்நிலையம் அப்பெயராலேயே வழங்குகிறது. அப்பகுதியிலேயே 2005ஆம் ஆண்டு தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பெற்றது.

ஆனால் நம் கடன் யாது? தூதுவளையையும் ஆடாதோடையையும் கண்டு பெயர் சொன்ன பாட்டியர் குறைந்து வருகின்றனர். குழந்தைகளுக்கு அவற்றைக் காட்டுவோர் யார்? மருந்துமலைக்குச் செல்லும் நாம் செடியை வேரோடு பறித்தலும், நெகிழிப்பையை எறிந்து வருதலும் மருந்தீசனுக்கு வழிபாடாகுமா? திருவிழா நாளில் அன்னதானத்திற்கு வாரி வழங்கும் நாம், அடுத்த தெருவில் மருந்து வாங்க இயலாது கிடக்கும் முதியவரை எண்ணிப் பார்த்தோமா?

அடியவன் ஒருவன் பசித்திருக்கப் பொறாமல், உலகுக்கெல்லாம் படியளப்பவன் ஓடேந்தித் தெருவில் நடந்தான். அத்தெரு இன்றும் இருக்கிறது. இத்திருவிழா முடிந்து வீடு திரும்புமுன், பசித்தவர் ஒருவருக்கேனும் சோறும், நோயுற்றவர் ஒருவருக்கேனும் மருந்தும் நம் கையால் சேர்ப்பதென உறுதி கொள்வோமாக. அதுவே விருந்திட்ட நாதனுக்கு நாம் செய்யும் கைம்மாறு.

திருச்சிற்றம்பலம்.