பதினாறு சர்வரா, எட்டா?

ஐந்நூறு ஸ்பிண்டில் ஓடும் ரிங் ஃப்ரேம் இரண்டு வாங்குவதா, ஆயிரம் ஓடும் நீள ஃப்ரேம் ஒன்றே போதுமா? வேடசந்தூர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில்காரருக்குப் பழகிய கணக்கு இது. சென்னையில் சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் டேட்டா சென்டர் நடத்துகிறவர்கள் மெமரி வாங்கும்போது போடுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

மொத்தம் 24 டெராபைட் மெமரி தேவை என்று வைத்துக்கொள்வோம். 24 ஸ்லாட் உள்ள சர்வர் ஒவ்வொன்றிலும் 64 ஜிபி மாட்யூல்களை நிரப்பினால் 16 சர்வர் வேண்டும். 128 ஜிபி என்றால் எட்டே போதும். மெமரி அளவு அதேதான். மிச்சமாவது எட்டுப் பெட்டிகளின் ப்ராசஸர், ஃபேன், பவர் சப்ளை, நெட்வொர்க் போர்ட். அவை கக்கும் சூட்டைத் தணிக்க ஏசிக்கு ஆகும் கரண்டும் மிச்சம்; சென்னை வெயிலில் அது சின்னத் தொகையல்ல. கோருக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கட்டுகிற நிறுவனத்துக்கோ எல்லாவற்றையும்விட அந்தக் கட்டணம் குறைவதே பெரிய லாபம். ஆனால் ப்ராசஸர் சும்மா இருக்க, மெமரி மட்டும் நிரம்பி வழிகிற இடத்தில்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

விலை? 128 ஜிபி மாட்யூலுக்கு நெடுநாள் சில்லுகளைத் துளையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்ததால், ஒரு ஜிபிக்கான விலையே எகிறியது. 2023இல் சாம்சங் 32 கிகாபிட் டிடிஆர்5 சில்லை அறிவித்த பிறகு, அடுக்காமலே 128 ஜிபி செய்ய வழி பிறந்தது. வேறொரு பாதையும் முயலப்பட்டது: இன்டெல் 2019இல் கொண்டுவந்த ஆப்டேன் மாட்யூல் 512 ஜிபி வரை கொண்டது, வழக்கமான மெமரியான டிராமைவிட மெதுவானது. 2022இல் அந்தத் தொழிலையே மூடிவிட்டார்கள்.

விற்பனையாளர் அவ்வளவாகச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. மெமரிக்கும் ப்ராசஸருக்கும் இடையே தரவு ஓடும் சேனல்களும் சர்வரோடு சேர்ந்து பாதியாகிவிடும். தரவு முழுவதையும் ஓயாமல் அலசுகிற வேலைக்கு 16 சர்வரே வேகம். பழுதிலும் அப்படித்தான்: எட்டில் ஒன்று படுத்தால் எட்டில் ஒரு பங்கு வேலை நிற்கும். எஸ்ஏபி ஹானா போல மெமரியிலேயே குடியிருக்கும் டேட்டாபேஸ் என்றால், மீண்டும் டிஸ்கிலிருந்து ஏற்றி முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

2025 கடைசியில் ஏஐ தேவையால் டிராம் விலை ஏறியதும், ஏற்கெனவே வாங்கிய 64 ஜிபியைத் தூக்கிப்போடுவது இன்னும் கஷ்டமாயிற்று. என்னைக் கேட்டால், வெர்ச்சுவல் மெஷின்கள் நெருக்கியடிக்கும் அறைக்கு 128. அலசல் வேலை ஓடும் அறையில் பழையதே இருக்கட்டும்.