வீட்டு பீரில் ஹாப்ஸ்: ஓசூர் எல்லைப் பகுதியை முன்வைத்து

ஹாப்ஸ் என்பது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. தாவரவியலில் ஹியூமுலஸ் லூப்புலஸ் என்று பெயர். செதில் செதிலாக, சிறு பைன் காயைப் போல இருக்கும். ஒன்றை விரலால் பிளந்தால் செதில்களின் அடியில் மகரந்தம் போன்ற மஞ்சள் பொடி பிசுபிசுவென்று ஒட்டும். பிசினும் எலுமிச்சைத் தோலும் கலந்தாற்போன்ற வாசம் எழும். லூப்புலின் எனப்படும் இந்தப் பொடியில்தான் பீரின் கசப்பும் மணமும் அடங்கியிருக்கின்றன. வீட்டில் பீர் காய்ச்சும் வழக்கமுள்ள நாடுகளில், 20 லிட்டர் மால்ட் சாற்றுக்கு 30 முதல் 60 கிராம் வரை இடுவது சாதாரண அளவு. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கரைந்து கசப்பைத் தரும். அடுப்பை அணைக்கும் நேரத்திலோ நொதித்து முடிந்த பிறகோ சேர்த்தால், கொதியில் ஆவியாகிவிடும் எண்ணெய்கள் தங்கி மணத்தைத் தரும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கும் ஓசூரிலும் பெங்களூரிலும் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், அதே பூ, அதே நேரம் கொதித்தாலும், சென்னையைக் காட்டிலும் கசப்பு சற்றுக் குறைவாகவே இறங்கும்.

இன்று ஹாப்ஸ் என்றதும் சுவைதான் பேசப்படுகிறது. ஆனால் அது பீருக்குள் வந்ததும், உலகைச் சுற்றியதும், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளுக்குள் வராமலே போனதும் சுவையால் அல்ல. ஒரு பானம் எத்தனை நாள் கெடாமல் இருக்க வேண்டும், அதைக் காய்ச்ச யாருக்கு அனுமதி உண்டு என்ற இரண்டு கேள்விகளே அதன் வரலாற்றைத் தீர்மானித்தன. ஐரோப்பாவின் சான்றுகளே இதைக் காட்டுகின்றன. கி.பி. 822 இல் பிரான்ஸின் கோர்பி மடத்துத் தலைவர் அடால்ஹார்ட் எழுதிய விதிகளில் ஹாப்ஸ் வருகிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் அதைப் பற்றி எழுதும்போது, பானங்கள் கெடாமல் காக்கும் அதன் குணத்தையே எடுத்துச் சொல்கிறார். அக்காலத்து வீட்டு பீரில் யாரோ (yarrow) என்னும் செடி போன்ற மூலிகைகளைக் கலந்த 'குரூட்' சேர்ந்தது. கசப்பும் மணமும் அதிலேயே இருந்தன. ஹாப்ஸிடம் மட்டும் இருந்தது, பீரைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாவை அடக்கி, ஈஸ்ட்டைத் தொடாமல் விடும் ஆற்றல். ஹாப்ஸ் இட்ட பீர் பீப்பாயில் மாதக்கணக்கில் தாங்கியது. கப்பலேறி அடுத்த துறைமுகத்துக்குப் போனது. அதனால் பெரிய காய்ச்சுமனைகள் வளர்ந்தன. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் பானத்தை வீட்டில் காய்ச்சி அண்டை அயலாருக்கு விற்றுவந்த பெண்களின் தொழில் மெல்ல நசிந்தது. குரூட்டின் மீது பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் இருந்த வரி உரிமையும் ஹாப்ஸின் பரவலோடு தளர்ந்தது. 1516 இல் பவேரியா பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று சட்டம் போட்டது. 1710 இல் இங்கிலாந்து ஹாப்ஸுக்கே வரி விதித்து, வணிக பீரில் வேறு கசப்புப் பொருள் சேர்ப்பதைத் தடை செய்தது. சுவை இந்தக் கணக்குகளுக்குப் பின்னால்தான் பழகியது.

தமிழகத்தில் வீட்டில் தானிய மது காய்ச்சிய வரலாறு ஹாப்ஸ் பற்றிய ஐரோப்பியக் குறிப்புகளைவிடப் பழையது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் அது செய்யப்படும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறது: அரிசியைக் களியாகக் காய்ச்சி, அகன்ற வாய்த் தட்டில் ஆற்றி, முளைத்த நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. முளைநெல் சேர்க்கும் இந்த முறை மால்ட் முறையேதான். மூன்றாம் நாள் குடித்துத் தீரும் பானத்துக்குக் காப்புப் பொருள் எதற்கு? கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ராகிக்கும் இதே கதைதான். ஈரத்துணியில் கட்டிவைத்த கேழ்வரகு மறுநாள் வெள்ளை முனை விடும்போது உள்ளே நடப்பது பார்லியில் நடக்கும் அதே மாற்றம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. நேபாளத்திலும் சிக்கிமிலும் இதே கேழ்வரகிலிருந்து ஹாப்ஸ் இல்லாமலே சாங் செய்கிறார்கள். இங்கே ராகி கூழாயிற்று. இரவு கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் புளிப்பது லாக்டிக் அமில பாக்டீரியாவால். ஹாப்ஸ் யாரை விரட்டுவதற்காகப் பீருக்குள் வந்ததோ, அந்த உயிரியின் இனத்தையே நம்பி வாழ்கிறது நம் கூழ்ப்பானை. புளிப்பை அங்கே கேடு என்றார்கள். இங்கே பதம் என்றார்கள். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், ஹாப்ஸ் இங்கே வராததைப் பின்தங்கல் என்று எண்ணத் தோன்றாது.

வெயில் அதிகமான நாட்டில்தானே பானம் சீக்கிரம் கெடும், இங்கேதானே ஹாப்ஸ் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு இந்தியா பேல் ஏல் என்ற பீரையே சாட்சிக்கு அழைப்பார்கள். லண்டனின் பௌ காய்ச்சுமனையில் ஜார்ஜ் ஹாட்சன் காய்ச்சிய பீர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியா வந்தது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரை அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் ஹாப்ஸ் மாதக்கணக்கான கடற்பயணத்துக்கானது. ஊரிலேயே காய்ச்சி ஊரிலேயே குடிப்பவர்களுக்கு அந்தத் தேவை எழவில்லை. சேமித்து வைக்க வேண்டியபோது நம் மக்கள் வேறு வழியில் போனார்கள்: வெல்லப்பாகை வெள்வேலம்பட்டையோடு ஊறவைத்து வடித்தார்கள். பட்டைச் சாராயம் என்ற பெயர் அந்தப் பட்டையால் வந்தது. அதன் துவர்ப்பு கலங்கலைப் படிய வைக்கும். சாராயத்தின் வீரியம் கெடாமல் காக்கும். ஹாப்ஸ் செய்த வேலையை இவை இரண்டும் பங்கிட்டுக்கொண்டன.

கொடி இங்கே வளராது என்பதும் உண்மைதான். ஹாப்ஸுக்கு நீண்ட கோடைப் பகலும் குளிர்கால உறக்கமும் வேண்டும்; 35 முதல் 55 பாகை அட்சரேகைக்குள் அது செழிக்கும். ஓசூர் 13 பாகைக்கும் உள்ளே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. கொடி படர்வதற்குள் பூத்துச் சோர்ந்துவிடும். இந்தியாவில் பனி உறையும் லாஹுல் பள்ளத்தாக்கில்தான் 1970களிலிருந்து அது பயிராகிறது. ஆனால் இதை முதற்காரணமாகக் கொள்ள முடியாது. விளக்கு எரித்துப் பகலை நீட்டி பிரேசிலில் இன்று ஹாப்ஸ் வளர்க்கிறார்கள். சாமந்திக்கு இரவில் விளக்கு போடும் நுட்பத்தை அறிந்த ஓசூர் மலர் விவசாயிகளுக்கு அது புரியாத வித்தையல்ல. தவிரவும், பார்லி மதுவை விரும்பிய வெள்ளையர் இந்தக் கொடி வளரும்வரை காத்திருக்கவில்லை. உலர்ந்த ஹாப்ஸைக் கப்பலில் வரவழைத்தார்கள். 1857 இல் தோன்றிய காசில் பிரூவரி உட்பட தென்னிந்தியாவின் ஐந்து காய்ச்சுமனைகளை ஒன்றாக்கி 1915 இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் பிரூவரீஸை உருவாக்கியபோது, ஹாப்ஸ் இங்கே ஆலையின் சரக்காகவே நிலைத்தது.

அடுத்த கதவைச் சாத்தியது சட்டம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. கள், சாராயம் மட்டுமல்ல, எல்லா மது தயாரிப்பும், அதற்கென்று பொருளோ பாத்திரமோ வைத்திருப்பதும் அச்சட்டத்தில் குற்றம். 1971 இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974 இல் திரும்பியது, 1981 இல் மீண்டும் தளர்ந்தது. 1983 இல் டாஸ்மாக் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 1987 இல் கள்ளும் தடையானது. விற்பனைக் கொள்கை இத்தனை முறை மாறியும் வீட்டு அடுப்புக்கு ஒருமுறைகூடக் கதவு திறக்கவில்லை. பிரிட்டன் 1963 இல் வீட்டு பீருக்கான உரிமத்தை நீக்கியது. அமெரிக்கா 1978 இல் அனுமதித்தது. ஹாப்ஸை மணத்துக்காகவே கொண்டாடும் இன்றைய ரசனை பெரிதும் அந்த அமெரிக்க வீடுகளிலும் சிறு ஆலைகளிலும் வளர்ந்ததுதான். இந்தியாவிலேயே வடகிழக்கிலும் ஜார்க்கண்டிலும் பழங்குடியினர் வீட்டுத் தேவைக்கு அரிசி மது காய்ச்ச விதிவிலக்கு உண்டு. அவர்கள் ஹாப்ஸுக்குப் பதில் காட்டு வேர்களும் இலைகளும் சேர்த்த மாவுருண்டைகளை இடுகிறார்கள்.

அப்படியானால் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் ஹாப்ஸ் மணக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். ஓசூர் சிப்காட் ஆலைகளிலிருந்து அத்திப்பள்ளியைக் கடந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் நகரத்தில், 2010 வாக்கிலிருந்து உணவகங்கள் தாங்களே பீர் காய்ச்சி விற்கின்றன. சில, ராகியையும் சேர்த்துப் பார்த்திருக்கின்றன. ஆனால் அது உரிமம் பெற்ற கடை. கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டம், 1965 உம் உரிமமில்லாமல் மது தயாரிப்பதைத் தடுக்கிறது. ஆகவே எல்லையின் இரு பக்கமும் ஹாப்ஸ் கடைச் சரக்குதான், வீட்டுச் சரக்கு அல்ல. ஹாப்ஸ் இல்லாததைப் பீர் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள், தங்களை அறியாமலே பவேரியாவின் அந்த 1516 ஆம் ஆண்டுச் சட்டத்தை இலக்கணமாக எடுத்துக்கொள்கிறார்கள். முளைத்த தானியம் நொதித்த பானம் என்பதே பொது வரையறையானால், வலைஞர் வீட்டுச் சாடியில் விளைந்ததும் பீர்தான்.

ராஜாஜி காலத்து அந்தச் சட்டம், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 என்ற பெயரில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இன்றும் நடப்பில் உள்ளது.