காட்மியம் போன பின்னும் போகாத பழக்கம்

புது லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொடுக்கும்போதே கடைக்காரர் ஒரு புத்திமதியும் சேர்த்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கம்: ‘முழுசா இறங்கினப்புறம்தான் மறுபடி சார்ஜ் போடணும்.’ அது பொய்யில்லை. ஆனால் வேறொரு பேட்டரிக்காகப் பிறந்த புத்திமதி.

1899-இல் சுவீடன்காரர் வால்டெமார் யுங்னர் உருவாக்கியது நிக்கல்-காட்மியம் பேட்டரி. தொடக்ககால மடிக்கணினிகள் பலவற்றுக்கும் அதுவே உயிர். அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பாதி இறங்கியதுமே ஏற்றுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால், அந்தப் பாதியிலேயே மின்னழுத்தம் சரிந்து சோர்ந்துவிடும். சுற்றுப்பாதையில் ஒரே அளவில் ஏறி இறங்கிய செயற்கைக்கோள் பேட்டரிகளில் இது தெளிவாகத் தெரிந்தது; ‘நினைவு விளைவு’ என்று பெயரும் வைத்தார்கள். முழுவதும் இறக்கி ஏற்றுவதுதான் மருந்து.

அதே காலத்தில் நேர்மாறான பேட்டரியும் இருந்தது. 1989-இல் ஆப்பிள் வெளியிட்ட மேக்கின்டாஷ் போர்ட்டபிள், ஈய-அமில பேட்டரியோடு ஏழு கிலோ கனத்தது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், மின்கம்பியைச் செருகினாலும் கணினி எழாது. ஈய-அமில பேட்டரியைக் காலியாகப் போட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

பிறகு லித்தியம்-அயனி வந்தது. விஞ்ஞானிகளான குட்இனஃப் 1980-இலும் அகிரா யோஷினோ 1985-இலும் போட்ட அடித்தளத்தின்மேல் 1991-இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இத்துறையின் இன்னொரு முன்னோடியான விட்டிங்காமுடன் சேர்த்து அவர்களுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த பேட்டரிக்கு நினைவு விளைவு ஒரு பொருட்டே அல்ல. அதன் எதிரிகள் வேறு: வெப்பமும், முழுதும் நிரம்பியே இருக்கும் நிலையும். கோபால்ட் வகையில் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தொட்டால் நூறு சதவீதம். அந்த உச்சத்திலேயே, சூடான பிராசசருக்குப் பக்கத்தில், நாள் முழுக்க மின்கம்பியோடு கிடந்தால் உள்ளே இருக்கும் மின்பகுபொருள் மெல்லச் சிதையும். மின்வாயின்மேல் படலம் தடிக்கும். லித்தியம் அதில் சிக்கிக்கொள்ளும். பழைய புத்திமதிப்படி தினமும் அடியோடு இறக்கினாலோ, தேய்மானம் இன்னொரு பக்கமாக வரும்.

இதை உணர்ந்த பலர், மின்சாரத்தில் வேலை பார்க்கும்போது பேட்டரியையே கழற்றி மேசையில் வைத்தார்கள். ஆனால் கரண்ட் போனால் சேமிக்காத வேலையும் போகும். பேட்டரியை உள்ளேயே வைத்து மூடும் வடிவமைப்பு பரவியதும் அந்த வழக்கமும் மறைந்தது.

நல்ல தீர்வு மென்பொருளில்தான் கிடைத்தது. எங்கே ஏற்றத் தொடங்கி எங்கே நிறுத்துவது என்று திங்பேட் கணினிகளில் குறித்துவைக்க முடிந்தது. சோனி வயோவில் 80 அல்லது 50 சதவீதத்தில் நிறுத்தலாம். 2020-இல் ஆப்பிளும் மேக்ஓஎஸ் 10.15.5-இல் பேட்டரி நலப் பராமரிப்பைச் சேர்த்தது.

80 சதவீதம் என்பது தடையில்லா மின்சாரம் உள்ள இடத்துக்கான கணக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011-இல். மறு ஆண்டே கடும் மின்வெட்டு. இருட்டில் படித்த மாணவருக்கு நூறு சதவீதமே நியாயம்.

மேசையை விட்டு நகராத லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்றே அமைப்புகளைத் திறந்து 80 என்று வையுங்கள். வெளியூர் போகும் முன்னிரவு மட்டும் நூறுக்கு ஏற்றுங்கள். மாதக்கணக்கில் மூடிவைப்பதானால், பாதி சார்ஜோடு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.