செம்புக் கம்பியின் இரண்டாம் ஆயுள்

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தில், கடல் மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது எஸ்கோண்டிடா சுரங்கம். உலகிலேயே அதிகமாகச் செம்பு தரும் சுரங்கம். அங்கேயே நூறு கிலோ பாறையை அரைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ செம்புதான் தேறும். அரைத்த தாதுக்குழம்பு குழாய் வழியாக மலையிறங்கி, கொலோசோ துறைமுகத்தில் கப்பலேறுகிறது. உருக்காலைக்குப் போய், மின்பகுப்புத் தொட்டியில் 99.99 சதவீதத் தூய்மை பெற்றுத் தகடாகிறது. பிறகு கம்பி.

அந்தக் கம்பியில் கொஞ்சம் டேட்டா சென்டர்களுக்குப் போய்ச் சேர்கிறது. அதற்கு வெள்ளி முலாம் பூசுகிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரு தடத்தில் நொடிக்கு 100 கிகாபிட் அனுப்பும்போது அலைவெண் 26 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் மின்னோட்டம் கம்பிக்குள் இறங்காது. மேல்தோலில், அரை மைக்ரானுக்கும் குறைவான ஆழத்தில் ஓடும். அந்தத் தோல் நன்றாகக் கடத்த வேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளி. இரண்டு கம்பிகளை உறையிட்டு அருகருகே வைத்து, உலோகத் தாள் சுற்றினால் ஒரு ஜோடி. தடத்துக்கு 50 கிகாபிட் வீதம் எட்டுத் தடம் கொண்ட 400 கிகாபிட் கேபிளில் போக எட்டு ஜோடி, வர எட்டு ஜோடி.

வேகம் கூடக்கூடச் செம்பின் எல்லை சுருங்கியது. ஈதர்நெட் தரவிதிகளைப் பார்த்தாலே தெரியும்: தடத்துக்கு 25 கிகாபிட் என்றிருந்த 2014-இல் ஐந்து மீட்டர், 50 கிகாபிட் வந்த 2018-இல் மூன்று, 100 கிகாபிட் வந்த 2022-இல் இரண்டே மீட்டர். இரண்டு மீட்டர் கேபிள், சர்வர்களை அடுக்கும் ஒரு ரேக்கின் உச்சிக்கும் அடிக்கும் சரியாகப் போய்விடும். பக்கத்து ரேக்குக்குக் கொண்டுபோவது சிரமம்.

கண்ணாடி இழைக்கு மாறிவிடலாமே என்றால், அதன் இரு முனையிலும் லேசர் வேண்டும். லேசர் மின்சாரம் தின்னும், சூடாகும், பழுதாகும். பல்லாயிரம் இணைப்புகள் உள்ள கூடத்தில் இது சின்ன விஷயமே இல்லை.

செம்பைக் காப்பாற்றியது, பிளக்குக்குள் நுழைந்த சிப். அதில் இரண்டு வகை. முதல் வகை, வழியில் தேய்ந்துபோன உயர் அலைவெண்களைத் தூக்கிவிடும். கூடவே இரைச்சலும் கூடும். இரண்டாவது வகை, செல்லரித்த சுவடியை வாசித்துப் புது ஓலையில் படியெடுப்பவர் செய்யும் வேலையைச் செய்கிறது. வந்த சைகையின் நான்கு மின்னழுத்தப் படிகளில் எது என்று தீர்மானித்து, காலத்தைச் சீராக்கி, புதிதாக எழுதி அனுப்புகிறது. என் பார்வையில் இதுவே பெரிய பாய்ச்சல். செம்பின் குணம் மாறவில்லை. முனையில் இருப்பவன் வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

தூரம் ஐந்து, ஏழு மீட்டர் வரை திரும்பி வந்தது. சிப்புக்கும் மின்சாரம் வேண்டும்தான். ஆனால் ஒளிவழி இணைப்புக்கு ஆவதில் ஏறக்குறையப் பாதி போதும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. இன்னொரு லாபம் மெலிவு. சிப் இல்லாத கேபிள் தூரம் போக 0.4 மில்லிமீட்டர் கம்பி கேட்கும். சிப் இருந்தால் 0.2 போதும். தடித்த கேபிள் வளைய மறுத்து, ரேக்கின் பின்புறத்தில் காற்றை அடைக்கும். மெல்லியது வழிவிடும்.

கேபிளைச் செருகியதும் நெட்வொர்க் சுவிட்ச் முதலில் பிளக்கின் சின்ன நினைவகத்தைப் படிக்கும்: யார் செய்தது, எத்தனை மீட்டர், வரிசை எண் என்ன. பிறகு இரு முனைகளும் ஒன்றுக்கொன்று அளவைச் சரிசெய்துகொள்ளும். இணைப்பு எழும்பும்.

2024-இல் நிவிடியா அறிவித்த 72 ஜிபியு செயலிகள் கொண்ட ரேக்கின் முதுகெலும்பில் 5,000-க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்கள். அங்கே தூரம் குறைவு என்பதால் சிப்புகூடத் தேவைப்படவில்லை. ஒளிவழி போயிருந்தால் 20 கிலோவாட் கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்றார் நிவிடியாவின் தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங்.

அடுத்த வேகம் வரும்போது இந்த சிப்புகளுக்கு வேலை போய்விடும். செம்பு அப்படியல்ல, எத்தனை முறை உருக்கிச் சுத்திகரித்தாலும் தரம் குறையாது. ரேக்கிலிருந்து கேபிளைக் கழற்றுகிறவர்கள் அதைக் குப்பையில் சேர்க்காமல் முறையான மின்கழிவு மறுசுழற்சிக்கு அனுப்புங்கள்.