தி.நகருக்கு அடியில் ஒரு ஏரி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. பக்கத்திலேயே லேக் ஏரியா. இந்த மூன்று இடத்திலும் நின்று சுற்றிப் பாருங்கள். ஏரியும் தெரியாது, கரையும் தெரியாது. ஆனால் பெயர்கள் பொய்யில்லை. நூறு வருடத்துக்கு முன்பு வரை நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஒரு ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். வடக்குப் பகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தெற்குப் பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றும் பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துரைமார்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள் என்றால் அதன் அளவை ஊகித்துக் கொள்ளலாம்.

அவ்வளவு பெரிய ஏரி ஏன் வந்தது, ஏன் போனது என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் மழைக் கணக்கு. சென்னையில் வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. லண்டனில் இதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் லண்டனில் வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். நமக்கோ பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதிலும் புயல் சின்னம் வரும் நாலைந்து நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு தை முதல் ஆனி வரை வானம் பார்த்த பூமி. காவிரி போல மலையிலிருந்து ஓடி வரும் பெரிய ஆறும் இந்தப் பக்கத்தில் இல்லை. வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் இங்கே ஊரே இருந்திருக்காது.

இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. நம் முன்னோர் ஆழமாகத் தோண்டவில்லை. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் வில் மாதிரி ஒரு மண்கரை போட்டார்கள், அவ்வளவுதான். பாசனத்துக்கு மதகு வைத்தார்கள். நிரம்பினால் வழிந்து போகக் கலங்கல் வைத்தார்கள். ஒரு ஏரியின் உபரி நீர் அடுத்த ஏரிக்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகத் தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை.

ஆனால் கரை மட்டும் ஏரியைக் காப்பாற்றாது. மழைக்கு முன் கரையைப் பலப்படுத்த வேண்டும், வரத்துக்கால் தூர்வார வேண்டும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். நம் பக்கத்தில் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். களத்தில் நெல் அளக்கும்போதே அவருக்குரிய பங்கை எடுத்து வைத்துவிடுவார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனி அதிகாரி செங்கல்பட்டு ஜாகீரில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். அதைப் பார்த்தால், கோயில், கணக்குப்பிள்ளை, வெட்டியான் பங்குகளோடு ஏரிப் பராமரிப்புக்கும் விளைச்சலில் பங்கு ஒதுக்கியிருப்பது தெரிகிறது. ஊர்கூடி உடல் உழைப்பாகச் செய்ததற்குக் குடிமராமத்து என்று பெயர்.

மனிதர்கள் மட்டுமா? கோடையில் ஏரி வற்றினால் வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள். அதனால் வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். தண்ணீர் இருக்கும்போது மீன். மீனுக்குக் கொக்கு, நாரை. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் பயிருக்கு நல்லது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்று கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். வனவிலங்குச் சட்டம் வருவதற்கு ஏறக்குறைய 175 வருடம் முன்பு! பறவைக்கு மரமும் தண்ணீரும், ஊருக்கு நெல். இரண்டு பக்கமும் லாபம் இருந்ததால் இன்றுவரை நிற்கிறது.

இனி நம் நெடிய ஏரிக்கு வருவோம்.

பட்டணம் தெற்கே வளர வளர, வயல் இருந்த இடமெல்லாம் தோட்ட வீடும் தெருவும் ஆயிற்று. ஆயக்கட்டு சுருங்கினால் மதகு திறக்கச் சொல்லி யார் கேட்பார்கள்? குடிக்கவும் இந்த ஏரி வேண்டாம் என்று ஆனது. புழலிலிருந்து வந்த தண்ணீரைக் கீழ்ப்பாக்கத்தில் சுத்தம் செய்து குழாயில் அனுப்பும் ஏற்பாடு 1914இல் வந்துவிட்டது. அந்த வேலையைச் செய்த மாநகராட்சிப் பொறியாளர் மேட்லி. குடிமராமத்தும் ஊர்க் கட்டுப்பாடாக இருந்தது போய், 1858இல் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தும் நிலைக்கு வந்திருந்தது. ஆக, மண் கொட்டுவதற்கு முன்பே அந்த ஏரிக்கு உறவுக்காரர்கள் இல்லாமல் போய்விட்டார்கள். பெருகும் ஜனத்தொகைக்கு வீடு வேண்டும் என்று தவித்த அரசாங்கத்தின் கண்ணுக்கு அது காலி இடமாகத்தான் தெரிந்தது.

1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் நீதிக்கட்சி ஆட்சியில் ஏரியை வடித்து மனை பிரிக்கத் தொடங்கினார்கள். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர், முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் பூங்கா, டாக்டர் நடேசன் பெயரில் இன்னொரு பூங்கா. அகலமான சாலை, மரம், விளையாட இடம் என்று நன்றாகவே திட்டமிட்டார்கள். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு வீடில்லாதவனுக்கு வீடு கிடைத்தது. நுங்கம்பாக்கம் பக்கம் மிச்சமிருந்த ஏரியும் பிறகு மனையாயிற்று. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான்.

ஏரியைப் பட்டாவில் மாற்றிவிடலாம், நிலத்தின் சரிவையும் ஐப்பசி மழையையும் மாற்ற முடியாது. அந்தப் பகுதியின் தண்ணீர் இப்போது மாம்பலம் கால்வாய் வழியாகத்தான் அடையாற்றுக்குப் போக வேண்டும். 2021 நவம்பரில் ஒரே இரவில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது ஜி.என். செட்டி சாலையிலும் துரைசாமி சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். பட்டணத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்த மேட்லியின் பெயரில் உள்ள சுரங்கப்பாதையும் மழைக்கு மழை முழுகுகிறது. 2015இல் நவம்பர் மாதம் மட்டும் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்து, டிசம்பர் 1 அன்று மறுபடி கொட்டி, செம்பரம்பாக்கமும் திறந்து, அடையாறு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. நாலே வருடத்தில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு நோய் என்று நினைக்கிறோம். வந்த தண்ணீரை நிறுத்தி வைக்க இடமும் ஆளும் இல்லாத ஒரே நோய்தான் அது.

இதில் யாருக்கு அடி என்பதும் முக்கியம். மாடியில் இருப்பவருக்கு மின்சாரம் போகும். ஆற்றோரக் குடிசையில் இருப்பவருக்கு வீடே போகும். பிறகு அவர்களை நகரத்துக்கு வெளியே கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடியமர்த்துகிறோம். அந்தப் பெரும்பாக்கம் இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்!

விட்ட உறவைத் திரும்பக் கட்ட முடியுமா? முடியும் என்பதற்கு மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் சாட்சி இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் குளத்தில் தைப்பூசத் தெப்பம் ஓட வேண்டும், மொகரத்துக்கு முஸ்லிம் அன்பர்கள் வந்து சடங்கு செய்ய வேண்டும், மாட வீதிக் கிணறுகளில் ஊற்று வேண்டும். இத்தனை பேருக்கு வேண்டியிருப்பதால்தான் அந்தக் குளத்தை யாரும் மனை போடவில்லை. வற்றினால் கேட்க ஆள் இருக்கிறது. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிக் குப்பை கொட்டிய 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, நம் மண்ணின் மரங்களை நட்டு, 2011இல் பூங்காவாகத் திறந்தார்கள். தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடத்துக்குரிய செடி வந்தது. நண்டு, மீன், பறவை எல்லாம் தாமாகவே பின்னால் வந்தன.

நம் பாடப்புத்தகங்களில் ஏரி வெட்டிய மன்னர்களின் பெயர் இருக்கும். வருடா வருடம் தூர்வாரியவர்களின் பெயர் இருக்காது. ஏரி நின்றது அவர்களால்தான்.

2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. உங்கள் குடியிருப்பிலும் ஒரு தொட்டி இருக்கும். கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தீர்கள்? பலவற்றில் மணல் அடைத்துக் கிடக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் மூடியைத் திறந்து, மணலையும் சரளையையும் அலசிப் போடுங்கள். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. அடுக்குமாடிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தால் அதுதான் நம் காலத்துக் குடிமராமத்து. செய்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் தெருப் பெயரில் ஏரி, குளம், தாங்கல், கேணி என்று ஏதாவது ஒளிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு பட்டியல் போட்டு வைப்போம்.