பறக்கத் தெரிந்தும் மூழ்கியவை

2015 டிசம்பர் சென்னை வெள்ளம்னு சொன்னா உங்க மனசுல என்ன படம் வருது? சைதாப்பேட்டையில் கரை தெரியாம ஓடின அடையாறு, கோட்டூர்புரத்தில் வீடுகளை முழுங்கின தண்ணி, தெருவுக்குள்ள வந்த மீனவர் படகு. அந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒரு படமும் இருக்கு. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சின்ன விமானங்கள் சில, ஆறு அடிச்சுட்டு வந்த செடிகொடிக்கு நடுவுல, ஒண்ணோட ஒண்ணு மோதி சாய்ஞ்சு கிடக்கிற படம்.

அந்தப் படத்தைப் பார்த்தா முதல்ல ஒரு கேள்வி வரணும். வீடு நகராது. கார் நகரும், ஆனா ரோட்டுல தண்ணி வந்துட்டா நின்னுடும். வெள்ளத்துக்கு மேலேயே எழும்பி, இன்னொரு ஊருக்கே போயிடக்கூடிய சொத்து விமானம். அப்படி இருக்க, அது ஏன் மூழ்கணும்?

இன்னைக்கு எபிசோட் அந்த ஒரு கேள்விதான். "பணக்காரங்க பொம்மை நனைஞ்சா நமக்கென்ன?"னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். சின்ன விமானம்னா தொழிலதிபரோட ஜெட் மட்டும் இல்லை. பைலட் ஆகணும்னு வீட்டை அடமானம் வெச்சுப் படிக்கிற பசங்க ஓட்டுற பயிற்சி விமானம், நோயாளியைத் தூக்கிட்டுப் போற ஏர் ஆம்புலன்ஸ், நில அளவை விமானம் எல்லாமே இந்தக் கூட்டம்தான். அதோட, இவை ஏன் மூழ்குதுன்னு புரிஞ்சா, ஆத்தங்கரையில் மனுஷங்க ஏன் மூழ்கறாங்கன்னும் கொஞ்சம் புரியும்.

ஆறு இருக்கிற இடத்தில் ரன்வே எதுக்கு?

விமானம் இறங்க என்ன வேணும்? நீளமான, சமமான நிலம். ரெண்டு பக்கமும் மலையோ உயரமான கட்டடமோ இருக்கக் கூடாது. விலை மலிவா இருக்கணும். இந்த எல்லாக் கண்டிஷனுக்கும் பொருந்துற நிலத்தைத் தேடினா, பல ஊர்ல நீங்க போய் நிற்கிற இடம் ஆத்தோட வெள்ளச் சமவெளிதான். அது சமமா இருக்கக் காரணமே ஆயிரக்கணக்கான வருஷமா ஆறு அதுமேல பரவி வண்டலைக் கொட்டினதுதான். மலிவா இருக்கவும் அதுதான் காரணம்: விவரம் தெரிஞ்சவங்க யாரும் அங்கே வீடு கட்ட மாட்டாங்க.

சென்னைக் கதையும் இப்படித்தான் போகுது. 1910-லேயே ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ்ங்கிற ஹோட்டல்காரர், சிம்சன் கம்பெனி உதவியோட ஒரு விமானம் செஞ்சு, பல்லாவரத்தில் பறக்க விட்டுப் பார்த்தார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்கு தபாலைக் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிட்டு வந்தார். அவங்க ஓட்டினது ஒத்தை இன்ஜின் வெச்ச ஒரு குட்டி பஸ் மாத் விமானம். இந்திய விமானப் போக்குவரத்து தொடங்கினதே ஒரு சின்ன விமானத்தில்தான்.

அப்புறம் மீனம்பாக்கம் வளர்ந்தது. வளர இடம் பத்தாம, ரெண்டாவது ரன்வேயை அடையாத்துக்கு மேலேயே பாலம் கட்டி நீட்டினாங்க. 2015-க்குப் பிறகு இந்தப் பாலம் கடுமையா விமர்சிக்கப்பட்டது. ஆனா ஆத்தை நோக்கிப் போனது நம்ம ஊர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கத்தில், மிசௌரி ஆத்தோட கரையில் ஒரு தாழ்நிலம். கம்போ பிளாட்ஸ்னு பேரு. கம்போன்னா அந்த ஊர்ல ஒட்டிக்கிற களிமண். பேரிலேயே எச்சரிக்கை இருக்கு. அங்கேதான் 1960-கள்ல ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்ங்கிற சின்ன விமானங்களுக்கான விமான நிலையம் வந்தது.

முக்கால் டேங்க் தண்ணி

தண்ணி வந்தா ஒரு சின்ன விமானத்துக்கு என்ன ஆகும்? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

உலகத்திலேயே அதிகமா தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. நாலு பேர் உட்காரலாம். காலியா இருந்தா எடை சுமார் 750 கிலோ. ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி அது மிதக்க 750 லிட்டர் தண்ணியை விலக்கினா போதும். உங்க மொட்டை மாடியில் இருக்கிற 1,000 லிட்டர் கறுப்பு டேங்கில் முக்கால்வாசி. அவ்வளவுதான். ஒரு கார் இதைவிட எடை அதிகம், ஆனா உடம்பு சின்னது. விமானமோ உள்ளே வெறும் காத்து அடைச்ச மெல்லிய அலுமினியக் கூடு. இறக்கைக்குள்ள இருக்கிற பெட்ரோலும் தண்ணியைவிட லேசு.

அதனால தண்ணி ஓரளவு ஏறினதுமே விமானம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். பறக்கிறதுக்காக லேசா செஞ்ச பொருள், அந்த லேசாலேயே மாட்டிக்குது.

சரி, கட்டி வெச்சா? வெளியில் நிறுத்துற சின்ன விமானங்களை இறக்கையிலும் வாலிலும் கயிறு போட்டுத் தரை வளையத்தில் கட்டுவாங்க. அது காத்துக்கான ஏற்பாடு. தண்ணி ஏறும்போது அதே கயிறு விமானத்தைக் கீழேயே பிடிச்சு வெச்சுடும், தண்ணி உள்ளே புகுந்துடும். கட்டாம விட்டா மிதந்து போய் பக்கத்து விமானத்தில் இடிக்கும். கட்டினாலும் போச்சு, கட்டாட்டியும் போச்சு.

ஹேங்கர், அதாவது விமானத்தை நிறுத்துற பெரிய தகரக் கொட்டகை, காப்பாத்துமா? அது மழைக்கும் வெயிலுக்கும் கட்டினது. கதவு அகலமானது, மெல்லிசானது, தண்ணியைத் தடுக்கிற மாதிரி மூடாது. பல இடத்தில் அது மின்சாரத்தில் ஓடும். கரண்ட் போச்சுன்னா உள்ளே இருக்கிறதை வெளியே எடுக்கிறதே பெரும்பாடு. உள்ளே நாலு விமானம் ஒண்ணா மிதந்தா, ஒண்ணோட இறக்கை இன்னொண்ணோட வாலைக் கிழிக்கும்.

கழுவிட்டா புதுசு மாதிரி இருக்கும்

தண்ணி வடிஞ்ச பிறகுதான் உண்மையான சேதம் ஆரம்பிக்குது. ஹோஸ் பைப் வெச்சு அடிச்சா விமானம் பளபளன்னு ஆயிடும். ஆபத்தே அங்கேதான்.

விமானத் தகடு சுத்தமான அலுமினியம் இல்லை. வலுவுக்காகத் தாமிரம் கலந்த கலவை. அந்தத் தாமிரமே அரிப்புக்கு வழி விடும். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள், ரெண்டு தகடு ஒண்ணுமேல ஒண்ணு படியிற இடுக்குகள், இது எல்லாத்துக்குள்ளேயும் சாக்கடை கலந்த சேறு போய் உட்கார்ந்துடும். வெளியே பெயின்ட் நல்லா இருக்கும், உள்ளே இறக்கையைத் தாங்குற எலும்பு மெல்ல அரிச்சுட்டு இருக்கும். இன்ஜினுக்குள்ள தண்ணி போனா, பிரிச்சு மேய்ஞ்சு ஒவ்வொரு பாகமா சோதிக்காம ஓட்டக் கூடாது. சக்கர பேரிங், கேபிள் ஓடுற கப்பி, காத்தோட வேகத்தை அளக்கிற மெல்லிய குழாய், வயர் கனெக்டர்னு எல்லாத்துக்கும் இதே கதை. கார்ல கனெக்டர் துருப்பிடிச்சா வண்டி ரோட்டோரம் நிற்கும். விமானத்துக்கு ரோட்டோரம் கிடையாது. அதனாலதான் பார்க்க முழுசா இருக்கிற விமானத்தையும் இன்ஷூரன்ஸ்காரங்க பல சமயம் முழு நஷ்டம்னு எழுதிடறாங்க.

இன்னொரு இழப்பு இருக்கு, அது காகிதம். ஒவ்வொரு விமானத்துக்கும் லாக் புக் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகத்தை எப்போ மாத்தினாங்க, யார் கையெழுத்து போட்டாங்கன்னு பிறந்த நாள்லேர்ந்து எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டு ஹேங்கர் அலமாரியில் நனைஞ்சு கூழாயிட்டா, விமானம் தப்பிச்சாலும் அது பறக்கத் தகுதியானதுன்னு நிரூபிக்க படாத பாடு படணும். 2015-ல பத்தாவது மார்க் ஷீட்டும் பட்டாவும் பாஸ்போர்ட்டும் போய், அரசு நடத்தின சிறப்பு முகாம்களில் வரிசையில் நின்ன குடும்பங்களுக்கு இது நல்லாவே புரியும். ஆளும் வீடும் இருந்தாலும், பேப்பர் இல்லைன்னா எதுவும் இல்லை.

வெயில்ல வர வெள்ளம், மழையோட வர வெள்ளம்

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். பறந்து போயிருக்கலாமே?

1993 கோடையில் மிசௌரி, மிசிசிப்பி ஆறுகள் வாரக்கணக்கா ஏறிட்டே இருந்தது. மழை பெஞ்சது பரந்த நிலப்பரப்பில். அந்தத் தண்ணி ஆறு வழியா மெதுவா கீழே வந்தது. ஜூலை 30 ராத்திரி மோனார்க் கரை உடைஞ்சு கம்போ பிளாட்ஸ் முழுக்கத் தண்ணி புகுந்தது. ஹேங்கர், ரன்வே எல்லாம் உள்ளே. ஆனா ஆறு ஏறுறதை நாள் கணக்கா பார்த்துட்டு இருந்ததால, விமானங்கள் பல அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டன.

2011-ல பாங்காக்கும் இதே வகை. வடக்கே தேங்கின வெள்ளம் வாரக்கணக்கா நகர்ந்து, 1914-லேர்ந்து இயங்குற டான் மியாங் விமான நிலையத்துக்கு வந்தது. அக்டோபர் 25-ல மூடினாங்க. தாய்லாந்து அரசோட வெள்ள நிவாரணக் கட்டுப்பாட்டு மையமே அந்த விமான நிலையக் கட்டடத்தில்தான் இருந்தது. சில நாள்ல அதையும் காலி பண்ண வேண்டியதாச்சு. திரும்பத் திறந்தது 2012 மார்ச் 6. அங்கே நேரம் இருந்தும் ஓரமா நின்ன விமானங்கள் சில தண்ணியில் நின்னதைப் படங்களில் பார்க்கலாம். வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சா மட்டும் போதாது. இன்ஜினைப் பிரிச்சு வெச்சிருந்தாலோ, சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தாலோ விமானம் வெறும் தகரம்தான்.

சென்னை வேற மாதிரி. டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நகருக்கு மேலேயும், நகருக்குள்ளேயும், செம்பரம்பாக்கத்திலும் ஒரே நேரத்தில். ஏரியிலிருந்து திறந்த தண்ணி அன்னைக்கு வினாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அதைக் கையாண்ட விதத்தைத் தணிக்கைத் துறை பின்னாடி மனிதர்கள் உண்டாக்கின பேரிடர்னு எழுதினது, அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயலை. விமான நிலையம் டிசம்பர் 1 ராத்திரி மூடினது. பயணிகள் விமானம் திரும்ப ஓடத் தொடங்கினது 6-ஆம் தேதி. நடுவுல அரக்கோணம் கடற்படைத் தளம்தான் சென்னையோட விமான நிலையம்.

இங்கேதான் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கு. கண்ணால் பார்த்து ஓட்டுற விதிப்படி ஒரு சின்ன விமானம் பறக்க பொதுவா 5 கிலோமீட்டர் பார்வைத் தூரம் வேணும். டிசம்பர் 1 அன்னைக்கு விடாத மழை. அதாவது ஆறு கரையைத் தாண்டின நேரம் தப்பிக்கிறதுக்கான கடைசி நேரம் இல்லை. வானம் மூடின நேரம்தான் கடைசி நேரம். அது பல மணி நேரம் முன்னாடியே முடிஞ்சு போச்சு. மிசௌரியில் மேல பெஞ்ச மழை கீழே வந்து சேர நாள் ஆகும், இடையில் வானம் திறந்திருக்கும். நம்ம ஊர்ல மழையும் வெள்ளமும் ஒரே பஸ்ல வந்து இறங்குது.

யார் முடிவு எடுக்கிறது?

அப்போ தண்ணியைப் பார்த்து முடிவெடுக்கிற முறை சென்னைக்கு உதவாது. வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, வெயில் அடிக்கும்போதே கிளம்பணும். கிளம்பின பிறகு வெள்ளம் வராமலும் போகலாம். அப்போ "வீணா செலவு பண்ணிட்டியே"ன்னு கேட்பாங்க. பைலட் சம்பளம், எரிபொருள், வேற ஊர்ல நிறுத்துற வாடகை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாரும் காத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் சில விமான இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதை எளிமையா அணுகறாங்க. புயல் எச்சரிக்கை வந்ததும் விமானத்தை வேற ஊருக்குக் கொண்டு போனா, அந்தச் செலவில் ஒரு பங்கை கம்பெனியே தரும். புயல் வரலைன்னாலும் திருப்பிக் கேட்காது. நல்ல மனசு இல்லை, கணக்கு. பத்து தடவை வீணா பறந்த செலவு, ஒரு தடவை மூழ்கின செலவைவிடக் குறைவு. "வீண் எச்சரிக்கை"ங்கிற பயத்தை அவங்க பணத்தாலேயே நீக்கிட்டாங்க.

2023 டிசம்பர் 4-ல மிக்ஜாம் புயல் வந்தப்போ மீனம்பாக்கம் ரன்வேயில் மறுபடி தண்ணி நின்னது. சேவையை நிறுத்தினாங்க, மறுநாள் காலையில் திறந்துட்டாங்க. 2015-ல நாலஞ்சு நாள், 2023-ல ஒரு நாள். ரெண்டும் ஒரே அளவு வெள்ளம் இல்லை, அதனால இதை மட்டும் வெச்சு பாடம் கத்துட்டோம்னு சொல்ல முடியாது. ஆறு அதே இடத்தில்தான் இருக்கு, பாலமும்தான்.

இதே கணக்கை விமானத்தை விட்டு வெளியே எடுத்துட்டு வாங்க. 2015-ல ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் ஆத்தங்கரையில் இருந்தவங்களுக்கும் கால் இருந்தது, நடந்து போயிருக்க முடியும். அவங்ககிட்ட இல்லாதது ரெண்டு: போதுமான முன்னாடி வந்த ஒரு வார்த்தை, ஒரு நாள் கூலியை விட்டுட்டுக் கிளம்பினா அந்தக் கூலியை யார் தருவாங்கங்கிற பதில். பல கோடி ரூபாய் விமானத்துக்கு அந்த ரெண்டாவது பதிலை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி கண்டுபிடிச்சிருக்கு. 600 ரூபாய் கூலிக்கு நாம இன்னும் கண்டுபிடிக்கலை.

வீட்டில் யாராவது அடையாத்தங்கரைப் பக்கம் இருந்திருந்தா, 2015 டிசம்பர் 1 அன்னைக்கு அவங்களுக்கு எத்தனை மணிக்கு, யார் மூலமா தகவல் வந்ததுன்னு கேட்டு எழுதி அனுப்புங்க. அந்த நேரங்களை வரிசையா வெச்சு ஒரு எபிசோட் செய்யலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் சந்திப்போம்.